இறங்கிக் கேட்ட ஷட்ஜம்

'நேற்று மாலை' என்று இரண்டே சொல் எழுதிவிட்டுத் தாமோதரன் பேனாவை மூடினார், மூடியதுமே திறந்தார். நேற்று மாலை என்ன? நேற்று மாலை பாடினார்கள், கேட்டோம், எழுந்து வந்தோம். இருபத்தாறு வருஷமாக இந்த இரண்டு சொல்லுக்கு அடுத்த சொல் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், இன்று வரவில்லை. மயிலாப்பூரில் அந்தக் காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியின் மாடியில், செவிப் பரிசோதனை அறைக்கு வெளியே, அவரோடு சேர்த்து நாலு பேர் காத்திருந்தார்கள். மணி பத்தே முக்கால். ஒரு மணிக்குள் முந்நூறு சொல்லில் கச்சேரி விமர்சனம் பத்திரிகைக்குப் போயாக வேண்டும். மார்கழியில் ஒரு நாளும் அவர் தவறியதில்லை. மாமனார் போன அன்றுகூட எழுதி அனுப்பிவிட்டுத்தான் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார், மனைவி திலகா அதை இன்னும் மறக்கவில்லை. களைகட்டியது என்று எழுதலாம். களைகட்டாத கச்சேரி எது? அவர் எழுதியதில் வயலின் எப்போதும் நிழல்போலத் தொடர்ந்தது, மிருதங்கம் மெருகூட்டியது, கடம் தன் பங்கைச் செவ்வனே செய்தது. செவ்வனே என்ற சொல்லை அவர் வாழ்க்கையில் வேறு எங்கும் பயன்படுத்தியதில்லை. ரசத்தைச் செவ்வனே வைத்திருக்கிறாய் என்று சொன்னால் திலகா தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். கணக்கில் விடை ஒன்றுதான், கரும்பலகையிலேயே இருக்கும், மறுநாள் வந்து பார்த்தாலும் மாறியிருக்காது. பாட்டு அப்படியில்லை. பாடி முடித்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. அதை மறுநாள் காலையில் எதைக்கொண்டு அள்ளுவது? ராகத்தை விளக்கி எழுதினால் தெரிந்தவனுக்குத் தேவையில்லை, தெரியாதவனுக்குப் புரியாது. உருகினேன் என்று எழுதினால் நீ உருகினதைப் படிக்கவா காசு கொடுத்துப் பேப்பர் வாங்குகிறேன் என்பான். நன்றாயில்லை என்று எழுதினால் பாடினவருக்கு ஒரு சித்தப்பா இருப்பார், போன் பண்ணுவார். இத்தனை வழுக்கலுக்கு நடுவே சுருதி ஒன்றுதான் அவருக்குக் கால் வைக்கக் கிடைத்த கல். சேர்ந்ததா, சேரவில்லையா. கணக்கு மாதிரி. அதில் ரசனை இல்லை, கட்சி இல்லை. அதனால் அதைப் பற்றி மட்டும் அவர் பயமில்லாமல் எழுதினார். ஊரும் அதைத்தான் அவரிடம் மதித்தது. தாமோதரனுக்குக் காது இருக்கய்யா என்றார்கள்.

காது இருக்கிறது, இரண்டும் இருக்கிறது. நேற்று மாலை பாடியவர் எழுபதை நெருங்கிய அம்மாள். நாற்பது வருஷத்தில் அவருடைய சுருதியைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசியது கிடையாது, அவரைப் பிடிக்காதவர்கள்கூடப் பேசியதில்லை. மூன்றாம் வரிசை, இடது கோடி நாற்காலி, தாமோதரனின் வழக்கமான இடம். முழங்கால் மடங்காததால் காலை நீட்டிக்கொள்ள நடைவழியை ஒட்டிய இடம் வேண்டும். தோடி ஆலாபனை. கீழே புரண்டு, நடுவில் நின்று, ஒவ்வொரு படியாகத் தொட்டுத் தொட்டு ஏறி, அந்த அம்மாள் மேல் ஷட்ஜத்துக்கு வந்து, ஏழு ஸ்வரமும் ஏறி முடித்து மறுபடியும் முதல் ஸ்வரம் உச்சியில் வந்து நிற்கிற இடத்தில், கண்ணை மூடி நின்றார். குரல் இறங்கியிருந்தது. தம்பூரா ஒரு இடத்தில் நிற்க, குரல் அதற்கு ஒரு நூல் கீழே தொங்கிற்று. ஐயோ, வயசாகிவிட்டதே, இதை நான் எழுத வேண்டியிருக்கிறதே என்று தாமோதரன் அக்கம்பக்கம் பார்த்தார். பக்கத்தில் ஒருவர் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பின் வரிசையில் ஆஹா என்றார்கள். யாருக்குமா கேட்கவில்லை? துக்கத்தில் தலையை வலது கையில் சாய்த்துக்கொண்டார். உள்ளங்கை வலது காதை மூடியது. குரல் ஏறிற்று. ஏறித் தம்பூராவோடு போய்ச் சேர்ந்தது, எது குரல் எது தந்தி என்று தெரியாதபடி சேர்ந்தது. கையை எடுத்தார், இறங்கியது. மூடினார், சேர்ந்தது. அம்மாள் அங்கேயே நின்றுகொண்டிருக்க, இவர் ஒரு பைத்தியக்காரனைப்போலக் காதை மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் துடைத்தபடி, "காது வலியா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றார் தாமோதரன். அதற்குமேல் கச்சேரியில் என்ன பாடினார்கள் என்று அவருக்குத் தெரியாது. நேற்று மாலை.

நேற்று வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு பெயர் மனசின் வாசலில் வந்து நிற்கிறது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். திரும்பினால் அந்தப் பக்கமும் நிற்கிறது. சரி, முதலில் பரிசோதனை ஆகட்டும், காதில் குறும்பியாக இருக்கலாம், எண்ணெய் விட்டால் இளகிவிடும். எதிரே இருந்த கிழவர் மகனிடம் ஏதோ உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார், மகன் அதைவிட உரக்கப் பதில் சொன்னான். அந்த இரைச்சல்கூட வலது பக்கம் ஒரு மாதிரியும் இடது பக்கம் ஒரு மாதிரியும் இருக்கிறதா? இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மீனலோசனி. சொல்லிவிட்டால் என்ன, பெயர்தானே. மன்னார்குடிப் பெண், முப்பத்து நாலு வயது, பன்னிரண்டு வருஷம் மத்தியானக் கச்சேரியாகப் பாடினவள். மத்தியானம் பன்னிரண்டு மணிக் கச்சேரிக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் விசிறிக்கடியில் தூங்க வருகிறவர்கள். அவர்களுக்குப் பாடிப் பாடி, போன மார்கழியில்தான் முதல்முறையாக அவளுக்கு மாலை நாலேகால் மணி கொடுத்தார்கள். அது ஏணியில் ஒரு படி. அந்தப் படியில் கால் வைத்த அன்று மூன்றாம் வரிசையில் இடது கோடியில் தாமோதரன் இருந்தார். எழுதியது ஒரு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. 'கற்பனை வளம் நிறைந்த குரல்தான். ஆனால் மேல் ஷட்ஜத்தில் அது நிற்க மறுக்கிறது. சுருதி இறங்கியே இருந்தது. அடிப்படையை மறந்துவிட்டு மாளிகை கட்ட முடியாது.' கடைசி வாக்கியம் எழுதியபோது அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ரொம்ப நேரம் தேடி, உட்கார்ந்து எழுந்து காப்பி குடித்து, கிடைத்த வாக்கியம் அது. முந்நூறு சொல்லில் ஒரு வாக்கியமாவது நிற்க வேண்டும் என்று நினைப்பார். நின்றது. இந்த வருஷம் நிகழ்ச்சி நிரல் புத்தகத்தைப் புரட்டியபோது மத்தியானத்திலும் அவள் பெயர் இல்லை. வெளிநாடு போயிருப்பாள் என்று அப்போது நினைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் நிறையப் பேர் போகிறார்கள்.

"தாமோதரன் சார்" என்று உள்ளே கூப்பிட்டார்கள். ரெஜினா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. கதவை மூடியதும் உலகம் அணைந்துபோயிற்று. தன் ரத்தம் ஓடுவது அவருக்குக் கேட்டது. ஒரு கீச்சு. அமுக்கினார். இன்னொன்று, தூரத்தில், கிணற்றுக்குள் விழுந்த காசு மாதிரி. அமுக்கினார். பிறகு ஒன்றும் இல்லை. இல்லையா, அல்லது இருந்து அவருக்குக் கேட்கவில்லையா? சன்னலுக்கு அப்பால் ரெஜினா குனிந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நின்று எத்தனை பிள்ளைகளை இப்படிப் பார்த்திருப்பார், விடை தெரியாமல் மேலே விசிறியைப் பார்க்கிற முகங்களை. கேட்காத சத்தத்துக்கும் ஒருமுறை அமுக்கிவிடலாமா என்று தோன்றியது. அவமானமாக இருந்தது. "எந்த இடம்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன் சார்." இது இப்போது கேட்டதா? இல்லை, இது மீனலோசனி. சபா கேன்டீனில், போன தை மாதம் முதல் வாரம். அவர் அடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும், கோபத்துக்குப் பதில் சொல்லிப் பழக்கம். அன்றைய பதிவைப் போட்டு நாலு தடவை கேட்டாளாம், அவளுக்குத் தெரியவில்லையாம், வயலின்காரரிடமும் கேட்டாளாம், அவருக்கும் தெரியவில்லையாம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, வயலினும்தானே உங்களோடு சேர்ந்து இறங்கியது, அதையும்தான் எழுதியிருந்தேனே, பேப்பரில் வெட்டிவிட்டார்கள் என்றார். பிறகு சொன்னார். மெதுவாக, அன்பாகவேதான் சொன்னார். "திருத்தறது அப்புறம்மா. முதல்ல கேட்கக் கத்துக்கணும்." அவள் சரி சார் என்றாள். அடை ஆறுவதைப் பார்த்து, சாப்பிடுங்க சார் என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். கீச்சு. அமுக்கினார். தாமதமாகிவிட்டது.

இன்னொரு பரிசோதனையும் வைத்தாள் ரெஜினா. ஒரே சத்தத்தை இடது காதில் ஒருமுறை, வலது காதில் ஒருமுறை கொடுத்து, இரண்டும் ஒன்றா என்று கேட்டாள். கீழ்ச் சத்தங்கள் ஒன்றாகவே இருந்தன. ஒரு உயரத்துக்கு மேலே போனதும் வலது காது தனி வழி போயிற்று. வெளியே வந்து உட்கார்ந்ததும் அவள் வரைபடத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். இடது கோடு சமமாகப் போயிற்று. வலது கோடு பாதிவரை அதனோடு நடந்து, பிறகு கைவிட்டுக் கீழே சரிந்திருந்தது. கணக்கு வாத்தியாருக்கு வரைபடத்தை விளக்க வேண்டியதில்லை. உள்காதில் நரம்பு பழுதாகியிருக்கிறது, அதனால் மேல் சத்தங்களை அந்தக் காது கொஞ்சம் இறக்கிக் காட்டுகிறது, பேச்சு கேட்பதில் பெரிய தொந்தரவு இருக்காது, டாக்டர் சாயங்காலம் பார்ப்பார் என்றாள் ரெஜினா. பாட்டுக் கேட்பீர்களா என்று விசாரித்தாள். கேட்பேன் என்றார். எப்போதிலிருந்து இப்படி இருக்கும் என்று அவர் கேட்டார்.

"அது எங்களுக்குத் தெரியாது சார். உங்களுக்குத்தான் தெரியும். பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துதா?"

வந்தது. வந்ததா? எப்போது? மறுபடியும் அதே நாற்காலிக்கு வந்து, 'நேற்று மாலை' எழுதிய தாளை மடியில் வைத்துக்கொண்டு, தாமோதரன் பேரம் பேச ஆரம்பித்தார். இந்தச் சித்திரையில் ஒரு சளி வந்தது. அதுவாக இருக்கலாம். அதுவாக இருந்தால் போன மார்கழி தப்பித்தது, அவர் எழுதியது நின்றது, அந்தப் பெண்ணின் சுருதி உண்மையாகவே இறங்கியது, அவருக்கு ஒரு குற்றமும் இல்லை. ஒரு பெண் உண்மையாகவே தப்பாகப் பாடியிருக்க வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. சித்திரைச் சளிக்குக் காது அடைக்கவில்லையே. காது அடைத்தது அதற்கு முந்தைய ஐப்பசியில். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் காய்ச்சல் வந்து, பட்சணம் எல்லாம் டப்பாவிலேயே இருந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் பத்து நாள் வலது காதில் பஞ்சு வைத்த மாதிரி, உள்ளே ஒரு வண்டு. பிறகு போய்விட்டது. போய்விட்டது என்றுதானே நினைத்தார். திலகா அப்போதே, டிவியை ஏங்க இவ்வளவு சத்தமா வைக்கறீங்க என்றாள். போன் வந்தால் வலது கையில் எடுத்து இடது காதுக்குக் கொண்டுபோவதைப் பார்த்து ஒருநாள் சிரித்தாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. கச்சேரிக்கு இரண்டு மாதம் முன்னால். அப்புறம் அந்த வயலின். வயலினும் சேர்ந்து இறங்கியது என்று எழுதினாரே, அந்த வயலின்காரர் ஒரு தந்தி அரை நூல் பிசகினால்கூட பாட்டை நிறுத்திவிட்டு முடுக்கிற மனுஷர். அவர் எப்படி இறங்குவார்? ஒரு வகுப்பில் நாற்பது பேருக்கும் ஒரே தப்பு விடை வந்தால் கேள்வித்தாளைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர் அவர். அந்த ஒரு தடவை அவர் தன்னைப் பார்க்கவில்லை. யோசிக்க யோசிக்க இன்னும் வந்தது. இரண்டு மார்கழியிலும் அவர் மேல் ஷட்ஜத்தில் குறை கண்டவர்கள் எல்லாரும் பெண்கள், ஒருவர் மட்டும் புல்லாங்குழல். ஆண் குரல் அந்த உயரத்துக்குப் போகாது. பெரிய பெயர்க்காரர்கள் மேல் அவருடைய வரி எருமை மேல் விழுந்த மழை, உதறிவிட்டுப் போயிருப்பார்கள். ஏணியின் நடுப்படியில் ஒற்றைக் காலில் நின்றவள் ஒருத்திதான்.

பதினொன்றரைக்கு அவர் எபிநேசரை அழைத்தார். பத்திரிகையில் கலைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன், பையன் என்ன, நாற்பது வயது. இன்றைய விமர்சனம் வராது, இனிமேலும் வராது என்றார். எபிநேசர் பதறிப்போய், உடம்புக்கு என்ன என்று கேட்டான். தாமோதரன் சொன்னார், வரைபடம்வரை சொன்னார். அப்புறம் போன வருஷத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்லி, ஒரு திருத்தம் போட வேண்டும் என்றார்.

"சார், பேரு தப்பா வந்தா திருத்தம் போடலாம். தேதி தப்பா வந்தா போடலாம். அபிப்பிராயத்துக்கு எப்படி சார் திருத்தம் போடறது?"

அது அபிப்பிராயம் இல்லை என்றார் தாமோதரன். எபிநேசர் நல்லவன். யாருக்கு சார் இப்ப ஞாபகம் இருக்கப்போவுது என்று முதலில் சொன்னாலும், நீங்கள் நாலு வரி எழுதிக் கொடுங்கள், ஆசிரியரிடம் பேசிப் போட்டுவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டான். தாமோதரன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். ஒரே மூச்சில் வந்தது. உரிச்சொல் ஒன்றுகூட இல்லை. என் வலது காது பழுது, அது எனக்குத் தெரியவில்லை, அவர் சுருதி இறங்கியது என்று நான் எழுதியது தவறு, மன்னிக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு நேராக அவர் ஒன்றும் எழுதியதில்லை. அவளிடம் சொல்லாமல் போடக்கூடாது என்று பட்டது. வயலின்காரரிடம் அவள் எண்ணை வாங்கினார். மணி அடித்தது, அடித்தது. எடுக்காமல் இருந்தால் தேவலை என்று ஒரு மனசு நினைத்தது. எடுத்தாள். யார் என்று சொன்னார். "சொல்லுங்க சார்" என்றாள், அதே கேன்டீன் குரல், கோபமில்லாத குரல். பின்னால் எங்கோ தம்பூராப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் இடது காதில் போனை அழுத்திக்கொண்டு சொன்னார். சொல்லும்போது வார்த்தை முன்னும் பின்னும் போயிற்று. காய்ச்சலைச் சொன்னார், கையால் காதை மூடியதைச் சொன்னார், வயலினைச் சொன்னார். முடித்தார். தம்பூரா மட்டும் கேட்டது.

"அப்ப நான் சரியாத்தான் பாடினேனா சார்?"

"பாடியிருக்கணும்மா."

"இருக்கணுமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "என் காதை வச்சுக்கிட்டு இனிமே எதையும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. நான் சொன்னது தப்பு. அது மட்டும் நிச்சயம்."

அவள் ம் என்றாள். பேப்பரில் எழுதப்போகிற நாலு வரியை அவர் படித்துக் காட்டினார். வேண்டாம் சார் என்றாள். பத்திரிகையில் வந்ததை நிறையப் பேர் படித்திருக்க மாட்டார்கள், சபாக்காரர்கள் படித்தார்கள், அவர்களும் மறந்திருப்பார்கள். இப்போது இதைப் போட்டால் மீனலோசனி என்றாலே சுருதி என்று இரண்டையும் சேர்த்து எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்றாள். யோசித்துப் பேசுகிறவளாக இல்லை, எப்போதோ யோசித்து முடித்தவளாகப் பேசினாள். வேறு ஏதாவது செய்ய முடியுமா, சபாவில் பேசட்டுமா என்று கேட்டார். இப்போது பாடுவதில்லை, சொல்லிக் கொடுக்கிறேன், கம்ப்யூட்டரில் வகுப்பு, துபாயிலிருந்து பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். அப்புறம், "காதைப் பாத்துக்குங்க சார். டாக்டர்கிட்ட நல்லாக் காட்டுங்க" என்றாள். அது குத்தலாக இருந்தால் தேவலை என்று அவர் தேடிப் பார்த்தார். குத்தல் இல்லை.

அவள் போனை எங்கோ வைத்தாள். அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது, தம்பூரா தொடர்ந்து கேட்டது. வைத்துவிட வேண்டும் என்று தாமோதரன் நினைத்தார், விரல் போகவில்லை. எதிர் நாற்காலிக் கிழவர் எழுந்து போயிருந்தார், நடைவழியில் யாரோ ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பக்கம் அவள் பிள்ளைகளை வரிசையாகப் பெயர் சொல்லி அழைத்தாள், எங்கே விட்டோம் என்று கேட்டாள், ஆரம்பித்தாள். ஸ, ரி, க, ம. இடது காதில், பழுதில்லாத காதில், அந்தக் குரல் ஒரு பிசிறில்லாமல் வந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் தம்பூராவுக்குள் போய் உட்கார்ந்து எழுந்தது. போன மார்கழியில் இதையா கேட்டோம், இதைக் கேட்டுவிட்டா அடிப்படை என்று எழுதினோம். ப, த, நி. மேல் ஷட்ஜத்துக்கு முன்னால் அவள் நிறுத்தினாள். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்து அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடியும் கீழிருந்து ஆரம்பித்தாள், மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினாள். ஒரு குழந்தை, டீச்சர் மேல ஸ பாடலையே என்றது.

"மேல நீங்க பாடுங்கம்மா. நான் கேக்கறேன்" என்றாள் மீனலோசனி.

ஒரு சின்னக் குரல் தனியாக மேலே ஏறியது.